எரிபொருட் பங்கீட்டுக் குழாயை வீட்டில் மாற்றுதல்

மோட்டார் வண்டியை ஓட்டத் தெரிந்தோர் பலர். அதன் உறுப்புகளின் இயல்பை அறிந்தோர் சிலரே. பழுதான உறுப்பைத் தாமே மாற்ற விரும்புவோருக்கு ஸ்பனர் பிடிக்கும் கை மட்டும் போதாது. கழற்றப்படும் உறுப்பினுள்ளே என்ன இருக்கிறது என்னும் அறிவும் வேண்டும். ‘பியூவல் ரெயில்’ என்று தொழிலாளர் வழங்கும் எரிபொருட் பங்கீட்டுக் குழாய் இதற்கு நல்ல சான்றாகும்.

முற்காலத்து வண்டிகளில் காபுரேற்றரே பெற்றோலையும் காற்றையும் கலந்தளித்தது. 1967ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் வொக்ஸ்வாகன் 1600 வண்டிக்கு மின்னணு முறையிற் பெற்றோலைப் பீச்சும் அமைப்பை அளித்தது. பின்னர் இத்தகைய அமைப்புகள் படிப்படியாக எங்கும் பரவின. இன்றைய வண்டிகளில் தாங்கியிலுள்ள மின்பம்பி பெற்றோலை அமுக்கத்துடன் எஞ்சினுக்கு அனுப்ப, பங்கீட்டுக் குழாய் அதனை ஏற்று ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் பகிர்ந்தளிக்கிறது. காற்றுவழியிற் பெற்றோலைப் பீச்சும் எஞ்சின்களில் இவ்வமுக்கம் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 இறாத்தல் வரை இருக்கும்.

எஞ்சினை நிறுத்திய பின்னரும் அமுக்கம் குழாயினுள் நெடுநேரம் தங்கியிருக்கும். அந்நிலையில் இணைப்பைத் தளர்த்தினாற் பெற்றோல் சீறிப் பாயும். அதன் ஆவி காற்றிலும் பாரமானது. ஆதலின் தரையோடு படர்ந்து, தூரத்தே எரியும் அடுப்பையோ விளக்கையோ எட்டி, தீயை வண்டிவரை அழைத்து வந்துவிடும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. டீசல் எஞ்சின்களின் பங்கீட்டுக் குழாயில் அமுக்கம் 20,000 இறாத்தலையும் தாண்டக்கூடும். சிலிண்டருக்குள் நேரே பெற்றோலைப் பீச்சும் எஞ்சின்களிலும் அமுக்கம் மிக அதிகம். இத்தகைய அமுக்கத்திற் பாயும் மெல்லிய தாரை தோலைத் துளைத்து உட்புகும். அவற்றைப் பயிற்சி பெற்றோரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

ஏனைய பெற்றோல் வண்டிகளில் வேலையைத் திறந்த வெளியிற் செய்க. தூள் வகைத் தீயணைப்பானை அருகில் வைத்திருங்கள். எரியும் பெற்றோல் நீரின்மேல் மிதந்து பரவுமாதலால் நீர் உதவாது. பம்பிக்குரிய பியூசை எடுத்துவிட்டு எஞ்சினை ஓட விட்டால், குழாயிலுள்ள பெற்றோல் குறைந்து அது தானே நின்றுவிடும். மீண்டும் சில விநாடிகள் இயக்கிப் பார்த்தபின், பற்றறியின் எதிர்முனையைக் கழற்றி, எஞ்சின் நன்கு ஆறும்வரை காத்திருங்கள். கண்ணாடி அணிந்து, இணைப்பைத் துணியாற் சுற்றி, மெல்லத் தளர்த்துங்கள். எஞ்சிய சிறிதளவு பெற்றோலைத் துணி ஏற்றுக்கொள்ளும்.

இன்ஜெக்டர்களின் மின்இணைப்புகளை நீக்கி, போல்ட்டுகளைக் கழற்றி, குழாயை இருபுறமும் ஒரே சமனாக உயர்த்துக. திறந்த துவாரங்களை உடனே தூய துணியால் அடைத்திடுக. அவற்றில் விழும் சிறு மணலும் எஞ்சினைக் கெடுக்கும். இறுகிப்போன பழைய இறப்பர் வளையங்களை மீண்டும் பயன்படுத்தலாகாது. புதிய வளையங்களுக்குத் தூய எஞ்சின் எண்ணெயைச் சிறிது பூசி, துணிகளை மறவாது எடுத்தபின், புதிய குழாயை இன்ஜெக்டர்களுடன் நேராக அழுத்திப் பொருத்துங்கள். முறுகிய வளையம் கசியும். போல்ட்டுகளை வண்டியின் கைந்நூல் கூறும் அளவுக்கே இறுக்குதல் நன்று.

பூட்டி முடிந்தவுடன் எஞ்சினை இயக்க விரையாதீர்கள். பியூசையும் பற்றறியையும் இணைத்து, எஞ்சினை இயக்காது திறப்பை மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான வண்டிகளிற் பம்பி ஓரிரு விநாடிகள் இயங்கி நிற்கும். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்து, மின்சூளின் ஒளியில் ஒவ்வோர் இணைப்பையும் நோக்குக. ஒரு துளி ஈரம் கண்டாலும் பற்றறியைக் கழற்றி, அமுக்கத்தை மீண்டும் நீக்கி, அவ்விணைப்பைத் திருத்துதல் வேண்டும். ஈரம் இல்லையென உறுதியான பின்னரே எஞ்சினை இயக்கி, மறுமுறையும் பாருங்கள்.

கழற்றுவதும் பூட்டுவதும் இவ்வேலையின் நடுப்பகுதி மாத்திரமே. முன்னர் அமுக்கத்தை நீக்குவதும், பின்னர் கசிவைச் சோதிப்பதுமே வண்டியையும் வீட்டையும் காப்பன. அவ்விரண்டுக்கும் பொறுமையில்லாதவர் இவ்வேலையைத் தொடாதிருப்பதே நலம்.