இரண்டு ரேம் போட்டும் கணினி மெதுவாக ஓடுகிறதா? சொருகிய இடத்தைப் பாருங்கள்

பிள்ளைக்கு எஸ்பிஎம் ஆண்டு. வீட்டிலிருக்கும் பழைய மேசைக் கணினியோ திணறித் திணறி ஓடுகிறது. புதிது வாங்க வசதியில்லை. செலவைச் சுருக்கி, இருக்கும் 8 ஜிபி ரேமுடன் இன்னொரு 8 ஜிபி வாங்கிச் சேர்க்கிறார் தந்தை. ஆனாலும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. இப்படிப் பணத்தைப் போட்டு ஏமாறும் குடும்பங்கள் உண்டு. சில வேளைகளில் குறை ரேமில் இல்லை. அதைச் சொருகிய இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டு டோல் பாதைகள்

சாதாரண வீட்டுக் கணினியில் செயலிக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு பாதைகள் உள்ளன. இதற்கு ‘டூவல் சேனல்’ என்று பெயர். தீபாவளி நெரிசலில் டோல் சாவடியில் ஒரு பாதையை மட்டும் திறந்தால் என்ன ஆகும்? ஒரே பாதையில் இரண்டு ரேமையும் போட்டால் அதே கதைதான். டிடிஆர்4 3200 ரக ரேம் ஒரு பாதையில் விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தகவலை அனுப்பும். இரு பாதையும் திறந்தால் அது 51.2 ஜிபி.

தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அங்கே படம் காட்டும் வேலைக்கும் இதே ரேம்தான் பயன்படுகிறது. கட்டுரை தட்டச்சு செய்வது போன்ற சிறு வேலைகளில் பெரிய மாற்றம் தெரியாது.

எந்த இடத்தில் சொருகுவது?

நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில், செயலியின் பக்கமிருந்து எண்ணினால் 2ஆவது, 4ஆவது இடங்களில்தான் இரண்டு ரேமையும் போடவேண்டும். பலகையில் ஏ2, பி2 என அச்சிட்டிருப்பார்கள். அடுத்தடுத்து 1, 2 என்று போட்டால் இரண்டும் ஒரே பாதையில் விழும். நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். கையேட்டைப் பார்ப்பதே உறுதி. இரண்டே இடங்கள் இருந்தால் இரண்டிலும் ஒவ்வொன்று போதும்.

ஒரே அளவு, ஒரே வேகமுள்ள ஜோடியாக வாங்குவது நல்லது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தா. அடியிலுள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். பொருந்தாததை அழுத்தித் திணித்தால் மதர்போர்டே பாழாகும்.

செய்யும் முறை

• கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிக்கவும்.

• உறையின் இரும்புப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கவும்.

• பூட்டுகளைத் திறக்கவும். சில பலகைகளில் ஒரு பக்கம் மட்டுமே பூட்டு இருக்கும்.

• ரேமின் ஓரங்களைப் பிடித்து, வெட்டை மேட்டோடு பொருத்தி, ‘டக்’ என்று பூட்டு விழும்வரை இரு முனைகளையும் சமமாக அழுத்தவும்.

திரை வராவிட்டால் பதற்றப்படவேண்டாம். டிடிஆர்5 ரேம் முதல்முறை தொடங்கச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதன்பிறகும் வராவிட்டால், மின்கம்பியைக் கழற்றிவிட்டு ரேமை எடுத்து மீண்டும் சரியாக அழுத்திப் பார்க்கவும்.

சரிபார்ப்பது எப்படி?

விண்டோஸ் 16 ஜிபி என்று காட்டுவதால் மட்டும் இரு பாதையும் திறந்துவிட்டதாகப் பொருளில்லை. ‘சிபியு-இசட்’ என்ற இலவச மென்பொருளில் ‘மெமரி’ பக்கத்தைத் திறந்தால் சேனல் விவரம் தெரியும். டிடிஆர்4 கணினியில் ‘டூவல்’ அல்லது ‘2 x 64 பிட்’ என்றிருந்தால் சரி.

கணினியில் கடையின் உத்தரவாத ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், திறக்குமுன் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடையிலேயே ரேம் போட்டுக்கொள்வோர், “டூவல் சேனல் ஓடுகிறதா, காட்டுங்கள்” என்று அங்கேயே கேட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம். அது கொடுத்த காசுக்குரிய உரிமை.