முதுமை மட்டுந்தானா?

பத்து ஆண்டுகளாக எங்கள் வாயிலைக் காத்துவந்த பெண் நாய், ஒரு கோடையில் ஓயாமல் தண்ணீர் குடிக்கலாயிற்று. காலையில் நிரப்பிய சட்டி நண்பகலுக்குள் வற்றிவிடும். வீட்டை அசுத்தம் செய்தறியாத அது, இரவில் திண்ணையிலேயே சிறுநீர் கழித்தது. சோற்றை முகர்ந்துவிட்டு அகன்றது. முதலில் வெயிலின் கொடுமை என்றோம். பின்னர் வயதாகிவிட்டது என்றோம். இவ்வாறு சொல்லிச் சொல்லியே ஒரு வாரத்தை வீணாக்கினோம்.

கால்நடை மருத்துவர் கேட்ட எளிய கேள்விகளுக்கும் எங்களிடம் விடையில்லை. நாளொன்றுக்கு எவ்வளவு நீர் குடிக்கிறது? எடை குறைந்துள்ளதா? பருவகாலம் முடிந்து எத்தனை நாள் ஆயிற்று? இறுதிக் கேள்விக்கு மட்டும், "ஒரு மாதத்திற்குமேல் இருக்கும்" என்று எங்கள் அன்னையார் நினைவுகூர்ந்தார். அதுவே வழிகாட்டிற்று. வயிற்றை ஸ்கேன் செய்தபோது கருப்பையில் சீழ் கோத்திருந்தது தெரிந்தது. கருத்தடை செய்யப்படாத வயதான பெண் நாய்களுக்கு, பருவகாலம் முடிந்த சில வாரங்களில் இந்நோய் வருவதுண்டு. சீழ் வெளியே வடியாவிடில் எவருக்கும் ஐயம் எழாது. காலந்தாழ்த்தினாலோ உயிருக்கே இறுதியாகும். அன்றே அறுவை செய்து கருப்பையை அகற்றினர். நாய் பிழைத்தது.

முதுமை ஒரு நோயன்று. மிகுந்த தாகத்திற்குச் சிறுநீரகக் கோளாறும், நீரிழிவும், அட்ரீனல் சுரப்பியின் மிகைச் சுரப்பும் காரணமாகலாம். சிறுநீரகங்களின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குன்றிய பின்னரே அறிகுறிகள் தென்படத் தொடங்கும். எனவே தோற்றத்தைக்கொண்டு ஊகிப்பது பயனற்றது. இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தறிய வேண்டும். 1889-இல் ஸ்டிராஸ்பூர்க் நகரில், கணையம் அகற்றப்பட்ட நாயொன்று அடிக்கடி சிறுநீர் கழித்ததை மின்கோவ்ஸ்கி என்னும் மருத்துவர் அலட்சியம் செய்யாது சோதித்தார். அதில் சர்க்கரை இருந்தது. கணையத்திற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு அவ்வாறே வெளிப்பட்டது.

இல்லத்தில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. காலையில் நீரை அளந்து ஊற்றி, மறுநாள் மீந்ததை அளந்து கழியுங்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லி லிட்டருக்கு மேற்படின், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால், அது மிகையே. அதற்காக நீரைக் குறைத்துவிடலாகாது. நாயைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் நின்று, பின்னர் நம் எடையைக் கழித்தால் அதன் எடை தெரியும். ஈறுகள் வெளிறியுள்ளனவா, காதோரம் உண்ணிகள் உள்ளனவா என்றும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலும் நாயை மெலியச் செய்யும். மாற்றம் தோன்றிய நாளைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நமக்கென வாங்கிய பாரசிட்டமால், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளைக் கொடுக்கவே வேண்டாம். அவை நாய்க்கு நஞ்சாகலாம்.

எங்கள் நாய் இன்றும் வாயிலில் படுத்திருக்கிறது. அதன் சட்டியை நிரப்புமுன், எவ்வளவு குறைந்துள்ளது என்று பார்ப்பது இப்போது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.