பழைய படங்களுக்குப் புத்துயிர்

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். மழையில்லாத காட்சியிலும் திரையில் கோடு கோடாக மழை பெய்யும்! பலமுறை ஓடித் தேய்ந்த படச்சுருளின் கீறல்களே அவை.

கீறலினும் கொடிய பகை சுருளுக்குள்ளேயே உண்டு. 1950-க்கு முன் பெரும்பாலான படங்கள் நைட்ரேட் சுருளில் எடுக்கப்பட்டன. அஃது எளிதில் தீப்பற்றும். பின்னர்ப் பெருவழக்காகிய அசிட்டேட் சுருளில் தீயச்சம் குறைவு. ஆயினும் வெப்பமும் ஈரமும் பட்டால், காடி நாற்றம் வீசிச் சுருங்கிக் கெடும். வண்ணப் படங்களிலோ சாயம் வெளுத்து, வானமும் வயலும் செந்நிறமாகிவிடும்.

இவற்றை மீட்பது எங்ஙனம்? ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாதையரை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அவர் பல ஏடுகளை ஒப்புநோக்கினார். இங்கும் மூல நெகட்டிவையோ அதற்கு நெருங்கிய பிரதிகளையோ முதலில் தேடுகின்றனர். கிழிசலை ஒட்டி, அழுக்கை நீக்கி, ஒவ்வொரு படக்கட்டமாகக் கணினியில் ஏற்றுகின்றனர். நொடிக்கு 24 கட்டங்கள். மூன்று மணி நேரப் படத்திற்கு 2,59,200 கட்டங்கள்! பிறகு கீறல் களைந்து, நிறத்தைச் சீராக்கி, ஒலியின் இரைச்சலைக் குறைக்கின்றனர். திரையரங்கப் பிரதிக்கும் வீட்டில் காணும் வட்டுக்கும் இதுவே மூலமாகும்.

பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' 1964-இல் வெளிவந்தது. புதுப்பிக்கப்பட்ட அப்படம் 2012 மார்ச்சில் மீண்டும் திரைக்கு வந்து, சென்னையில் நூறு நாள்களைக் கடந்து ஓடிற்று. ஆனால், அது அகலத்திரைக்கும் புதிய ஒலியமைப்புக்கும் ஏற்ப மாற்றவும் பட்டது. பழைய படத்தை அகலத்திரைக்கு ஆக்கினால் மேலும் கீழும் வெட்டுண்ணும். அல்லது உருவங்கள் பக்கவாட்டில் பருத்துவிடும். மீட்பது வேறு, மாற்றுவது வேறு. ஐயர் சிதைந்த இடத்தில் தாமாக ஓர் அடியை எழுதிச் சேர்த்தாரில்லை. வியாபாரத்திற்காக மாற்றினும், மூல வடிவில் ஒரு பிரதியைத் தனியே காத்தல் கடமையாகும்.

ஏடே இல்லையெனில் ஐயர்தாம் என்ன செய்வார்? 1931 அக்டோபர் 31-இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இன்று காணக் கிடைப்பதில்லை. இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் பூனாவில் தோன்றியதோ 1964-இல்தான்.

ஆகவே அன்பர்களே, பழைய கொட்டகையிலோ வீட்டுப் பரணிலோ துருப்பிடித்த படப்பெட்டி கிடைத்தால், காடி நாற்றம் வீசுகிறதென்று குப்பையில் எறிந்துவிடாதீர்கள். வெயில் படாது குளிர்ந்த இடத்தில் வைத்து, காப்பகத்தார்க்கு அறிவியுங்கள். எஞ்சியுள்ள ஒரே பிரதி அதுவாகவே இருக்கக்கூடும்!