அவிழ்ந்த முடிச்சும் அவிழாத முடிச்சும்: ‘ட்வின் பீக்ஸ்’ தொடரின் இரு பருவ இறுதிகள் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

தொடர்கதை தமிழர்க்குப் புதிதன்று. பேராக் மாநில இரப்பர்த் தோட்டங்களில் வார இதழொன்று பல வீடுகளுக்குக் கைமாறிச் சென்ற காலத்தை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற ஊர்களுக்குக் குடிபெயர்ந்தபொழுது, சிலருக்கு இதழ் வருவது நின்றது. கதையும் பாதியில் நின்றது. கதைசொல்லியின் விருப்பத்தாலன்றிப் புறக்காரணத்தால் கதை நிற்கும்பொழுது அதன் முடிச்சு என்னவாகிறது? இவ்வினாவை, இடையில் நிறுத்தப்பட்ட ‘ட்வின் பீக்ஸ்’ என்னும் அமெரிக்க மர்மத் தொலைக்காட்சித் தொடரின்வழி ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. ‘அடுத்து என்ன?’ என்ற வினாவோடு கதையை நிறுத்தும் உத்தியை ஈண்டு ‘முடிச்சு’ எனக் குறிப்போம்.

தொடரின் பின்னணி

டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ராஸ்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய இத்தொடர் 1990 ஏப்ரல் 8ஆம் நாள் ஏ.பி.சி. அலைவரிசையில் தொடங்கியது. லாரா பால்மர் என்னும் இளம்பெண்ணைக் கொன்றவர் யார் என்பதே மூலவினா. அதனைத் துப்பறிய வருபவர் கூப்பர் என்னும் அதிகாரி. முதற்பருவம் 8 பகுதிகள். இரண்டாம் பருவம் 22 பகுதிகள்.

முதல் இறுதி: நிகழ்ச்சி முடிச்சு

1990 மே 23ஆம் நாள் ஒளியேறிய முதற்பருவ இறுதியில், கூப்பர் தம் விடுதி அறைக் கதவைத் திறக்கிறார். முகம் காட்டாத ஒருவர் அவரைச் சுடுகிறார். அதே இரவில் மர ஆலை தீப்பற்றுகிறது; வேறு சிலரின் உயிரும் ஊசலாடுகிறது. இவையனைத்தும் ‘யார் சுட்டது? பிழைப்பாரா?’ என்னும் புறநிகழ்ச்சி வினாக்களே. இவ்வகை முடிச்சு அடுத்த பகுதி உண்டென்ற உறுதியின்மேல் நிற்பது. செப்டம்பர் 30ஆம் நாள் இரண்டாம் பருவம் தொடங்கியதும் கூப்பர் பிழைத்தது தெரிந்தது. நம் வார இதழ்த் தொடர்கதைகளின் ‘தொடரும்’ பெரும்பாலும் இவ்வகையினதே எனலாம்.

இரண்டாம் இறுதி: பாத்திர முடிச்சு

அலைவரிசையின் வற்புறுத்தலால் கொலையாளி யார் என்பது 1990 நவம்பரிலேயே வெளிப்படுத்தப்பட்டது. மூலவினா அவிழ்ந்தபின் பார்வையாளர் குறைந்தனர். 1991 பிப்ரவரியில் ஒளிபரப்பு இடைநிறுத்தப்பட்டது. பின்னர் ஜூன் 10ஆம் நாள் இறுதி இரு பகுதிகள் ஒருசேர ஒளியேறின. அதன் கடைசிக் காட்சியில், மாய உலகிலிருந்து மீண்டுவந்த கூப்பர் கண்ணாடியில் தலையை மோதுகிறார். அதில் தெரிவதோ லாராவின் தந்தையை ஆட்டுவித்த கொடிய ஆவியின் முகம். இங்கே வினா ‘என்ன நடந்தது?’ என்பதன்று; ‘நாம் நம்பிய இவர் யார்?’ என்பதாகும். தொடர் அத்துடன் கைவிடப்பட்டது. 1992இல் வெளிவந்த திரைப்படமோ பெரும்பாலும் லாராவின் முற்கதையையே கூறியது. 2017இல் ஷோடைம் அலைவரிசையில் 18 பகுதிகளாகத் தொடர் மீண்டபொழுதுதான், உண்மைக் கூப்பர் மாய உலகில் சிறைப்பட்டிருந்தமை விரிவாகக் காட்டப்பட்டது. அத்தொடரும் புதியதொரு வினாவோடே முடிந்தது.

சில மாதங்களில் விடை கிடைத்த முதல் முடிச்சு, விடை கிடைத்ததும் தன் ஆற்றலை இழந்தது. விடையின்றி 26 ஆண்டுகள் கிடந்த இரண்டாவதோ மறக்கப்படவில்லை. நிகழ்ச்சி முடிச்சு பாதியில் நின்றால் குறையாக எஞ்சுகிறது. பாத்திர முடிச்சு பாதியில் நின்றாலும் பொருளாக எஞ்சுகிறது என்பதே நாம் கண்ட வேறுபாடு.

தமிழ்ச் சூழலில்

இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’, 1990களின் பிற்பகுதியில் ‘மர்மதேசம்’ வரிசையில் ஒளியேறியது. அதுவும் காவல் தெய்வமா மனிதரா என்ற ஐயத்தை வாரந்தோறும் வளர்த்தது. ஆயின் பிளவுண்ட ஆளுமை என்னும் விடையை அளித்தே நிறைவுற்றது. கல்கியின் ‘அமரதாரா’ வேறொரு நிலை. 1954இல் ஆசிரியர் மறைந்தபொழுது தொடர் முடியவில்லை. அவர்தம் மகள் ஆனந்தி அதனை முடித்துத் தந்தார். ஆசிரியர் இல்லாவிடினும் வாசகருக்கு முடிவு உரியது என்னும் கடப்பாட்டை அங்குக் காண்கிறோம். வணிக அலைவரிசை அத்தகைய கடப்பாட்டை ஏற்பதில்லை. பார்வையாளர் குறைந்தால் கதை நிற்கும்.

முடிவுரை

‘கதையைத் தொடர்ந்து எழுதுக’ என்னும் பயிற்சியை வகுப்பில் தரும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் நலம். சுட்டவர் யார் என்று மட்டும் கேட்டால் மாணவர் ஒரு பெயரை எழுதி முடிப்பர்; கண்ணாடியில் தெரிந்தவர் யார் என்று கேட்டால் பாத்திரத்தின் முன்கதை முழுவதையும் மீளப் படிப்பர். பாதியில் நின்ற கதையை முடித்துக்கொள்ளும் உரிமை வாசகருக்கும் உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் திறனை மாணவர்க்கு அளிப்பது தமிழாசிரியர்தம் பணியாகும்.