கூட்டப் பெயர்களும் சமூக உறவும்: வெருகற் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மொழியொன்றிலே தனிப்பொருளைச் சுட்டும் பெயர்களைக் காட்டிலும் கூட்டத்தைச் சுட்டும் பெயர்களே, பெயரிட்டோர்க்கும் பெயரிடப்பட்டனவற்றிற்கும் இடையிலான உறவைத் தெளிவாகப் புலப்படுத்துகின்றன. தனியொரு மாட்டை மாடென்றே யாவரும் கூறுவர். பலவற்றை நிரையென்பதா, மந்தையென்பதா, பட்டியென்பதா என்பது கூறுவோரின் தொழிலையும் நிலையையும் பொறுத்தது.

ஆங்கில மொழி இவ்வகைப் பெயர்களின் மிகுதிக்குப் பேர்போனது. சிங்கங்களின் கூட்டம் 'பெருமிதம்' எனவும் காகங்களின் கூட்டம் 'கொலை' எனவும் பொருள்படும் சொற்களாற் குறிக்கப்படுகின்றன. இவற்றுட் பல, 1486ஆம் ஆண்டு அச்சான 'சென்ற் அல்பன்ஸ் நூல்' என்பதிலே தொகுக்கப்பட்டுள்ளன. அந்நூலின் பொருள் வேட்டையும் பருந்து பழக்குதலும் குலச்சின்ன வரன்முறையுமாகும். அதாவது, உயர்குடியினரின் பொழுதுபோக்கே இச்சொற்களின் விளைநிலம். சரியான சொல்லை அறிந்திருத்தல் உயர்குடிப் பிறப்பின் அடையாளமாயிற்று. விலங்குகளோடு மனிதரும் அப்பட்டியலில் இடம்பெற்றனர். நீதிபதிகளின் கூட்டத்திற்குத் 'தீர்ப்பு' என்பது பெயர். பெண்களின் கூட்டத்திற்கோ வாத்துக் கூட்டத்திற்குரிய இரைச்சற் சொல்லே வழங்கப்பட்டது. நகைச்சுவையெனத் தோன்றும் இவ்விடத்திலே அக்காலச் சமூகத்தின் பார்வை வெளிப்படுவதை நாம் அவதானிக்கலாம்.

தமிழ்ச் சொற்கள் பிறந்த களம் வேறு. தொல்காப்பிய மரபியல் விலங்கு, பறவைகளின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெண்பாற் பெயர்களையும் விரித்துரைக்கின்றது. கூட்டப் பெயர்களை அவ்வாறு வகுத்துரைக்கவில்லை. எனினும் வழக்கிலே அவை நிறைந்துள்ளன. நிரை என்பது வரிசை. ஆநிரை கவர்தலும் மீட்டலும் வெட்சி, கரந்தை எனும் ஒழுக்கங்களாக வளர்ந்தமை, மாடே செல்வமாயிருந்த காலத்தின் சுவடு. கிடை என்பது கிடத்தலின் அடியாகப் பிறந்தது; வயலுக்கு எருவாகும் பொருட்டு இரவிலே ஆடுகளைக் கிடத்தும் உழவுத் தொழிலோடு அது பிணைந்தது. பட்டி என்பது அடைக்கும் இடத்தையும் அடைக்கப்பட்ட கூட்டத்தையும் ஒருங்கே சுட்டுவது. வேட்டையாடுவோர் தொலைவிலிருந்து கண்டு சூட்டிய பெயர்களல்ல இவை. மேய்த்தோரும் உழுதோரும் தம் வேலையினின்றும் ஆக்கிக்கொண்ட பெயர்கள்.

திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையிலே, மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலைச் சேரும் பகுதி வெருகல். சித்திர வேலாயுத சுவாமி கோயிலாற் பெயர்பெற்ற இப்பகுதியில் வயல், காடு, கடல் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வயல் விதைக்கப்படுங்கால் மாடுகளைக் காட்டோர மேய்ச்சல் நிலங்களுக்குக் கொண்டுசெல்வதும், அறுவடையின் பின் மீளக் கொணர்வதும் கிழக்கிலங்கையின் வழமை. அவ்வழமை உள்ளவரையிலேயே பட்டி என்ற சொல் முழுப்பொருளுடன் வாழும். மேய்ச்சல் நிலம் பறிபோகுமாயின் சொல் அகராதியில் எஞ்சும். அதன் பொருள் எஞ்சாது.

மக்கட் கூட்டத்தைச் சுட்டும் பெயர்களும் இங்கு கவனத்திற்குரியன. கிழக்கிலங்கைத் தமிழரிடையே குடி என்பது வெறுங் கூட்டமன்று. தாய்வழியாற் பெறப்படும் உறுப்புரிமையாகும். மணவுறவும் கோயில் உரிமைகளும் குடிவழியே வரையறுக்கப்பட்டன. குடியின் உட்பிரிவை வயிற்றுவார் என வழங்குவதும் தாய்வழிமையை உணர்த்தும். வெருகல், வாகரைக் கரையோரங்களில் வேடர் வழிவந்தோரும் வாழ்கின்றனர். வேடரின் குலப்பிரிவுகள் 'வருகே' எனப்படுவதைச் செலிக்மன் தம்பதியர் 1911ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே பதிவுசெய்துள்ளனர். குடி, வருகே ஆகிய இரண்டும் புறத்தார் சூட்டியவையல்ல. உள்ளிருப்போர் தம்மைத் தாமே அழைத்துக்கொண்டவை.

இவ்விடத்திலே இலக்கண நுட்பமொன்று மனங்கொள்ளத்தக்கது. குழு, அரசு, குழவி, அடிமை முதலாய சொற்கள் உயர்திணைப் பொருளைச் சுட்டினும் அஃறிணை முடிபையே கொள்ளுமென்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கருத்து. அரசும் அவற்றுள் அடங்குவதால், இவ்விதி இழிவு கருதியதெனக் கொள்ள முடியாது. ஆயினும் அதன் விளைவு சிந்தனைக்குரியது. 'கூட்டம் கலைந்தது' என்னும்போது மனிதர் மறைகின்றனர். 'கூட்டத்தினர் கலைந்தனர்' என்னும்போது மீண்டும் தோன்றுகின்றனர். குழுவினர், ஊரவர், சபையோர் என்பனவற்றின் ஈறுகள் மக்களை உயர்திணைக்கு மீட்டுத் தருவன.

2006ஆம் ஆண்டு மாவிலாற்றுப் பிணக்கு போராக மூண்டபோது, வெருகல், ஈச்சிலம்பற்றுப் பகுதி மக்கள் வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்பின் ஏனைய பகுதிகளுக்கும் இடம்பெயர்ந்தனர். நிவாரணப் பட்டியல்களிலே அவர்கள் இத்தனை குடும்பம், இத்தனை நபர் எனும் எண்களாயினர். பங்கீட்டிற்கு எண்ணிக்கை இன்றியமையாததே. ஆனால் ஊர், குடி, தொழில் ஆகியவற்றாற் பிணைந்திருந்தோரை அவ்வெண் காட்டாது. மீள்குடியேற்றத்தின்போது இழந்த வீட்டைக் கணக்கிடலாம். கலைந்துபோன பட்டியையும் பிரிந்துபோன அயலையும் எப்பட்டியல் கணக்கிடும்?

ஆகவே, பிரதேச வழக்கிலுள்ள கூட்டப் பெயர்களைத் தொகுத்தல் சொல்லாராய்ச்சி மட்டுமன்று. சமூக வரலாற்றுப் பணியுமாகும். பட்டிக்காரர், மீனவர், வேளாண்மை செய்வோர் ஆகியோரிடமிருந்து, சொல்லை மாத்திரமன்றி அதனோடியைந்த வேலைமுறையையும் பதிவுசெய்தல் வேண்டும். மக்களைக் குறித்து எழுதுங்கால் அவர்கள் தம்மை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் ஆய்வாளர் யாவர்க்கும் உரிய கடமையாகும்.