போத்தலில் அடைபட்ட நுரை

மலேசியாவின் தாப்பாவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்குக் கள்ளின் நுரையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சீவிய தென்னம்பாளையிலிருந்து கலயத்தில் சொட்டும் சாற்றில் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சர்க்கரையைத் தின்று மதுச் சத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். அந்த வாயுதான் நுரை. கலயம் திறந்திருப்பதால் அது காற்றோடு போய்விடுகிறது. அதைப் போகவிடாமல் அடைத்து வைப்பதுதான் நுரை ஒயினின் முழு வித்தை.

முதலில் திராட்சைச் சாறு புளித்து, நுரையில்லாத சாதாரண ஒயின் ஆகிறது. அதில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து, கனத்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றி இறுக மூடுகிறார்கள். உள்ளே மறுபடியும் புளிப்பு நடக்கிறது. வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைய, அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஆறு மடங்கு வரை ஏறுகிறது. பிரான்சின் ஷாம்பேன் வட்டாரத்தில் போத்தல் குறைந்தது 12 மாதம் ஈஸ்ட் வண்டலோடு நிலவறையில் கிடக்க வேண்டும். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தலைகீழாக்கி, ஈஸ்ட் வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து உறையவைக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் உள்ளழுத்தமே வண்டல் கட்டியை வெளியே தள்ளிவிடும்.

சர்க்கரை சேர்த்தால் ஒயின் நுரைக்கும் என்பதை 1662இலேயே லண்டனில் கிறிஸ்டோபர் மெரெட் எழுதி வைத்தார். குமிழியைக் கண்டுபிடித்தவர் டோம் பெரிஞோன் என்ற துறவி என்பது வெறும் கதை. அவருடைய உண்மையான பெருமை வேறு: வெவ்வேறு தோட்டத்துத் திராட்சைகளைக் கலப்பதில் அவர் கைதேர்ந்தவர். குமிழியைவிடக் கடினமான கலை அதுதான்.

ஷாம்பேனில் மூன்று வகைகளே பெரும்பங்கு. ஷார்டொனே கூர்மையான புளிப்பைத் தருகிறது. பினோ நுவார் சுவைக்குக் கனம் சேர்க்கிறது. மூனியே பழமணம் கூட்டுகிறது. பின்னிரண்டும் கருந்திராட்சைகள்! நிறம் பெரும்பாலும் தோலில் இருப்பதால், மெதுவாகப் பிழிந்து தோலை உடனே நீக்கினால் சாறு வெளிறியே வரும். ஓர் ஆண்டின் விளைச்சல் சரியில்லை என்றால், முந்தைய ஆண்டுகளில் சேமித்த ஒயினைச் சேர்த்து ஈடுகட்டுவார்கள்.

வெயில் நாட்டில் இது நடக்குமா? நடந்திருக்கிறது. மகாராஷ்டிராவின் நாராயண்காவில் ஷாம் சௌகுலே 1980களில் தயாரித்த நுரை ஒயின், ‘ஓமர் கய்யாம்’ என்ற பெயரில் வெளிநாடுகளுக்கும் போனது. இன்று நாசிக் வட்டாரத்தில் சுலா, ஷாந்தோன் ஆகிய நிறுவனங்கள் போத்தலுக்குள்ளேயே நுரைக்கவைக்கும் முறையைக் கையாள்கின்றன. வெப்பத்தில் பழம் விரைவாக இனித்துப் புளிப்பை இழந்துவிடும். புளிப்பில்லாத நுரை ஒயின் சப்பென்றிருக்கும். அதனால் அங்கே ஷெனின் பிளாங்க் என்ற வகை கைகொடுக்கிறது. சூட்டிலும் அது புளிப்பை ஓரளவு காக்கும். ஷாந்தோன் அதனுடன் ஷார்டொனே, பினோ நுவாரையும் சேர்க்கிறது. பழம் முழுதாய் இனிக்கும் முன்பே பறித்துவிடுகிறார்கள். ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் உறங்கும், நாசிக்கில் உறங்காது. ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, மழை ஓய்ந்த குளிர்ந்த மாதங்களில் பழுக்கும்படி விவசாயிகளே அதன் காலத்தைத் திருப்பிவிடுகிறார்கள். உண்மையில் அந்த ஒயினை உருவாக்குவது கவாத்துக் கத்திரிதான்.

தாப்பாவில் இது எளிதல்ல. மாதம் தவறாத மழையும் ஈரக்காற்றும் கொடியில் பூஞ்சணத்தை ஏற்றிவிடும். பழுக்கும் வேளையில் கிடைக்க வேண்டிய நீண்ட வறட்சி இங்கே இல்லை.

கல்யாண விருந்திலோ ஆண்டிறுதிக் கொண்டாட்டத்திலோ இந்தப் போத்தலைத் திறக்க நேர்ந்தால் அந்த ஆறு மடங்கு அழுத்தத்தை மனத்தில் வையுங்கள். நன்றாகக் குளிரவையுங்கள், குலுக்காதீர்கள். யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்காமல், தக்கையை இறுகப் பற்றிக்கொண்டு போத்தலை மெல்லத் திருகுங்கள். பறக்கும் தக்கை கண்ணைப் பறித்துவிடும்.