நீரும் கனிமமும்

மழைத்துளியில் கனிமங்கள் மிகக் குறைவு. அத்துளி மண்ணுள் இறங்கிப் பாறை இடுக்குகளில் ஊறும்போது, தான் தொட்ட கல்லைச் சிறிது கரைத்துத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. ஊருக்கு ஊர் நீரின் சுவை வேறுபடுவது இதனால்தான்.

இக்கனிமங்களுள் பல நம் உடலுக்குத் தேவையானவை. கால்சியம் எலும்பையும் பல்லையும் உறுதியாக்குகிறது; மெக்னீசியம் தசைகளும் நரம்புகளும் சீராக இயங்கத் துணைபுரிகிறது. இவற்றை நாம் பெரிதும் உணவிலிருந்தே பெறுகிறோம். எனினும் குடிநீரும் ஒரு பங்கினை அளிக்கிறது.

ஆயினும், ஒரே கனிமம் அளவைப் பொறுத்து நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். ஃபுளூரைடு இதற்குத் தக்க சான்று. சிறிதளவு ஃபுளூரைடு பற்சொத்தையைத் தடுக்கிறது. அளவு மிகுந்தாலோ, வளரும் குழந்தைகளின் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுகின்றன. நெடுங்காலம் அந்நீரையே பருகுவோரின் மூட்டுகள் இறுகுகின்றன. முதுகெலும்பு விறைத்து வளைகிறது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருந்ததை 1937ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் பதிவுசெய்தனர்.

தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிலும் ஃபுளூரைடு மிகுதி. அங்குள்ள பாறைகளே அதற்குக் காரணம். இவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது.

குடிநீரில் உள்ள ஃபுளூரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் அது நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்து 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. இதனை ஆய்வகச் சோதனையே காட்டும்.

எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் கருவி ஃபுளூரைடை நீக்கும். உடன் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பெருமளவு நீக்கிவிடும். ஆகவே, ஃபுளூரைடு மிகுந்த ஊருக்கு அது காப்பு. நல்ல நீருள்ள ஊருக்கோ தேவையற்ற செலவும் இழப்புமாகும். நம் ஊர் நீரில் என்ன உள்ளது என்று அறிந்த பின்னரே எதை நீக்குவது என முடிவு செய்தல் வேண்டும்.

வளைந்த எலும்பை மருந்தால் நிமிர்த்த இயலாது. ஆதலால், கிணற்று நீரை ஒரு புட்டியில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் சிறு செயல், ஒரு தலைமுறையின் நலத்தைக் காக்கும் பெருஞ்செயலாகும்.